மீன் பெட்டியில் முட்டை வைத்து சோமைட் எண்ணிய கதை

உயர்தர வகுப்புக்கு முளைய விருத்தி படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருஷமும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்வேன். கரும்பலகையில் மூன்று நிறச் சோக்கால் ஒரு வட்டம் கீறி, இந்தக் கலங்கள் தோலும் நரம்புமாகும், இவை தசையும் எலும்புமாகும், இவை குடலாகும் என்று சொல்லி முடிப்பேன். பின் வாங்கில் ஒரு கை எழும்பும். "எது எதுவாகணும்னு அதுக்கு எப்படி டீச்சர் தெரியும்?" கலங்கள் ஒன்றுக்கொன்று சமிக்ஞை அனுப்புகின்றன என்று பதில் சொல்லலாம். சொல்லியும் இருக்கிறேன். பஸ் எப்படி ஓடுகிறது என்று கேட்ட பிள்ளைக்கு டீசலில் ஓடுகிறது என்று சொல்லி அனுப்புகிற மாதிரி பதில் அது.

இந்த முறை முட்டையைத் திறந்தே காட்டிவிடுவது என்று நினைத்தேன். புதிய யோசனை ஒன்றுமில்லை. அரிஸ்டோட்டில் நாளுக்கொரு முட்டையாக உடைத்துப் பார்த்து, மூன்று நாள் கழிந்தபின் வெண்கருவில் ஒரு இரத்தப் புள்ளி உயிருள்ளதுபோலத் துடிப்பதை எழுதிவைத்திருக்கிறார். அவருக்கு ஏதென்ஸ் வெயில். எங்களுக்கு ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகிற பாதையில், மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்குகிற ஒரு இடம்.

முதல் பன்னிரண்டு முட்டையும் வீண். ஊர் முட்டை என்று சொல்லித்தான் கடையில் தந்தார்கள். மூன்றாம் நாள் இரவு, டொய்லட் பேப்பர் சுற்றி வருகிற மட்டைக் குழாயின் ஒரு முனையில் போன் டோர்ச்சை வைத்து, மறுமுனையை முட்டையில் பொருத்திப் பார்த்தேன். சிவப்பு நரம்பு ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டும் வெறும் மஞ்சள் நிலா. சேவலே இல்லாத பண்ணையில் இட்ட முட்டைகள். முட்டை போடக் கோழிக்குச் சேவல் தேவையில்லை என்பது உயிரியல் படிப்பிக்கிற எனக்கே கடையில் நின்றபோது ஞாபகம் வரவில்லை.

பிறகு பக்கத்து லயத்து அக்காவிடம் போனேன். அவரிடம் ஒரு சேவலும் ஏழு பெட்டைகளும். முப்பது முட்டை தருவார். நான் திறந்ததுபோக மிச்சத்தைப் பொரிக்க வைத்துக் குஞ்சாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும். "உடைச்சா பாவமில்லையா டீச்சர்?" என்று கேட்டார். ஆம்லட் போட்டாலும் அதே முட்டைதானே அக்கா என்றேன். "ஆம்லட்டுக்குள்ள நெஞ்சு துடிக்காதே" என்றார். என்னிடம் பதில் இல்லை. ஐந்து நாளைத் தாண்டிய எதையும் திறப்பதில்லை என்று அங்கேயே பேசி முடித்தோம்.

முப்பது முட்டை சேர ஒரு வாரம் எடுத்தது. இந்த இடத்தில் மலைநாட்டுக் குளிர் எங்கள் பக்கம். கருக்கட்டிய முட்டை, இடும்போதே சில பத்தாயிரம் கலங்கள் கொண்ட ஒரு தட்டை மஞ்சள் கருவின்மேல் சுமந்துகொண்டுதான் வெளியே வருகிறது. ஏறக்குறைய 20 பாகை செல்சியசுக்குக் கீழே அது வளராமல் அப்படியே நின்றுவிடும். சூடு கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். கொழும்பில் இதற்குக் குளிரூட்டிய அறை வேண்டும். எனக்குக் குசினி அலுமாரியின் கீழ்த்தட்டு போதும். வெப்பமானி அங்கே 17 காட்டியது. திங்கட்கிழமை இட்டதும் சனிக்கிழமை இட்டதும் ஒரே கோட்டில் காத்திருந்தன.

பெட்டி மீன்கார அண்ணன் தந்தது. கரையிலிருந்து ஐஸ் போட்டு மீன் வருகிற ரிஜிபோம் பெட்டி, இரண்டடி நீளம். மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒரு நாள் வெயிலில் (அதாவது வெளிச்சத்தில்) வைத்தும் சூரை மீன் வாசம் முழுதாகப் போகவில்லை. 40 வாட் இழை பல்பு ஒன்று. எல்லோரும் எல்ஈடிக்கு மாறிவிட்டதால் அதைத் தேடத்தான் அதிகம் அலைந்தேன். சூடு தராத பல்பு எனக்கு எதற்கு? பல்பை இடது மூலையில் பொருத்தினேன். மூடியில் பட்டு ரிஜிபோம் உருகி, ஐந்து ரூபாய்க் குற்றியளவு கறுப்பு ஓட்டை விழுந்த பிறகுதான் அதை ஒரு பழைய பால்மா டின்னுக்குள் வைத்தேன். இதைச் செய்கிறவர்கள் முதலிலேயே டின்னுக்குள் வையுங்கள். 230 வோல்ட் வேலை முழுவதையும் டவுனில் போன் திருத்துகிற என் பழைய மாணவத் தம்பி செய்து தந்தார். தெரியாவிட்டால் அதில் கை வைக்கவேண்டாம்.

முதல் தடவை பெட்டியில் காற்றாடியும் இல்லை, தெர்மோஸ்டாட்டும் இல்லை. மூடியைச் சற்றே திறந்து மூடித்தான் சூட்டைச் சரிபார்த்தேன். ஒன்பது முட்டைகளை நீளவாட்டில் மூன்று வரிசையாக அடுக்கினேன். நடுவில் 37.7 காட்டியதும் திருப்தியோடு படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் மூன்றை உடைத்துக் கோப்பையில் ஊற்றினோம். பல்புப் பக்கத்து முட்டையில் இரத்தக்குழாய்கள் சிலந்தி வலைபோல விரிந்து, செட்டை மொட்டுக்கூட எட்டிப் பார்த்தது. நடுவில் இருந்ததில் இதயம் நன்றாகத் துடித்தது, மொட்டு இல்லை. கடைசி முட்டையில் இதயம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. கூர்ந்து பார்த்தால்தான் தெரிந்தது. வெப்பமானியை நகர்த்தி வைத்துப் பார்த்தேன். ஒரு முனை 39.2, மறுமுனை 35.

எனக்குச் சந்தோஷம். ஒரு பிழையான பெட்டி அருமையான பாடமாகிவிட்டது என்று நினைத்தேன். உயிரியலாளர் லூயிஸ் வோல்பர்ட் 1969இல் சொன்ன பிரெஞ்சுக் கொடி மாதிரியை உடனே பலகையில் கீறினேன். ஒரு ஓரத்தில் ஒரு பொருள் சுரக்கிறது. அது பரவும்போது தூரம் கூடக்கூடச் செறிவு குறைகிறது. கலங்கள் தாம் இருக்குமிடத்துச் செறிவைப் பார்த்து, கூடினால் நீலம், நடுத்தரம் வெள்ளை, குறைந்தால் சிவப்பு என்று தீர்மானிக்கின்றன. "பாருங்கள், பல்புதான் அந்தச் சுரக்கும் இடம்."

முன் வாங்குப் பிள்ளை ஒருத்தி எழும்பினாள். "டீச்சர், பல்புக்குக் கிட்ட இருந்தது சீக்கிரமா வளர்ந்திச்சு. வேற மாதிரி வளரல்லையே?"

சரியான அடி. சூடு முளையத்துக்கு வேகத்தைத்தான் மாற்றுகிறது. செட்டை முளைக்கவேண்டிய இடத்தில் கால் முளைக்கச் செய்யாது. நான் காட்டியது நேரத்தின் வித்தியாசம். பிரெஞ்சுக் கொடி கேட்பது இடத்தின் வித்தியாசம். பலகையை அழித்தேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு நடக்கும்போதுதான் வேறு உதாரணம் கிடைத்தது. மூடுபனியில் பாதை தெரியவில்லை. ஆனால் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் காய்கிற வாசம் வந்தது. இங்கே பிறந்தவர்களுக்கு அந்த வாசத்தின் கனம் ஒரு கணக்கு: இலேசாக வந்தால் பாலத்தடி, கொஞ்சம் கூடினால் கோயில் வளைவு, மூக்கைத் துளைத்தால் கேற் வாசல். எந்த இடத்தில் என்ன செய்வது என்பதும் நம் கையில். கோயில் வளைவில் செருப்பைக் கழற்றிக் கும்பிடுவோம், கேற்றடியில் குறுக்குப் பாதையில் இறங்குவோம். வாசம் கட்டளை போடவில்லை. நாம் எங்கே நிற்கிறோம் என்பதை மட்டும் சொல்கிறது.

கோழி முளையத்தில் இப்படி வாசம் விடுகிற ஒன்று முதுகுநாண். பின்னால் மூளையும் முண்ணாணுமாகப் போகிற நரம்புக்குழாய்க்கு நேர் கீழே ஓடுகிற மெல்லிய கோல் அது. அது சுரக்கிற புரதத்துக்கு சோனிக் ஹெட்ஜ்ஹொக் என்று பெயர். பழ ஈயில் முதலில் கண்ட பரம்பரையலகு பழுதானால் குடம்பியின் உடம்பெல்லாம் முள் நிறைந்து முள்ளெலிபோல இருந்ததால் ஹெட்ஜ்ஹொக். முள்ளந்தண்டுள்ளவற்றில் கண்டதற்கு ஒரு வீடியோ கேம் பாத்திரத்தின் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். பெயரைக் கேட்டு வகுப்பே சிரித்தது, யாருக்கும் மறக்கவுமில்லை. அந்தப் புரதம் அதிகம் கிடைக்கிற அடிப்பக்கக் கலங்கள் நரம்புக்குழாயின் அடித்தளமாகின்றன. அதற்குச் சற்று மேலே, கொஞ்சம் குறைவாகப் பெறுகிறவற்றில் தசையை அசைக்கிற இயக்க நரம்புக்கலங்கள் வருகின்றன. மேற்பக்கத்திலிருந்து பீஎம்பி என்ற வேறு குடும்பப் புரதங்கள் எதிர்த்திசையில் இறங்கி வருகின்றன. அவை கிடைக்கிற பக்கம் புலன் சம்பந்தமானது. ஒரு முதுகுநாண் துண்டை எடுத்து நரம்புக்குழாயின் பக்கவாட்டில் ஒட்டினால் அங்கேயும் ஒரு அடித்தளம் உருவாவதை ஆய்வாளர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

வாச உதாரணம் இன்னொரு விதத்திலும் நன்றாகப் பொருந்துகிறது. தொழிற்சாலைக்குள்ளேயே வேலை செய்கிறவர்களிடம் கேட்டால் "என்ன வாசம்?" என்பார்கள். மூக்கு பழகிவிட்டது. கலங்களுக்கும் இது நடக்கிறது. சோனிக் ஹெட்ஜ்ஹொக்கைப் பிடிக்கிற வாங்கிப் புரதம் பட்ச்ட். சமிக்ஞை வர வர, கலம் அந்த வாங்கியையே மேலும் மேலும் தயாரிக்கிறது; வருகிற புரதத்தை அது பிடித்து வைத்துக்கொள்வதால் கலத்துக்கு உணர்வு மந்தமாகிறது. அதனால் எவ்வளவு கிடைத்தது என்பதோடு எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதும் கணக்கில் சேருகிறது.

இந்தச் சங்கிலி அறுந்தால் என்னாகும் என்பதற்கு நான் எப்போதும் சொல்வது ஆட்டுக் கதை. 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், நெற்றி நடுவில் ஒற்றைக் கண்ணோடு செம்மறிக் குட்டிகள் பிறந்தன. தாய் ஆடுகள் சினையாகி இரண்டாம் வாரக் கடைசியில் மலைச்சரிவில் மேய்ந்த ஒரு காட்டுச் செடிதான் காரணம். அதிலுள்ள சைக்ளோபமைன் என்ற பொருள், பட்ச்ட்டுக்கு அடுத்த படியிலிருக்கிற ஸ்மூதண்ட் என்ற புரதத்தை அடைத்துவிடுகிறது. முன்மூளையின் நடுக்கோட்டுக்கு ஹெட்ஜ்ஹொக் செய்தி போய்ச் சேராவிட்டால் கண்ணுக்கான ஒற்றைப் பரப்பு இரண்டாகப் பிரியாது. செய்தி புறப்பட்டிருக்கிறது, கேட்கிற காதைத்தான் செடி பொத்திவிட்டது.

சரி, பெட்டிக்கு வருவோம். மறுவாரம் தம்பி கடையிலிருந்து பழைய கணினிக் காற்றாடி ஒன்றும், டபிள்யூ 1209 என்ற சின்னத் தெர்மோஸ்டாட் பலகையும் கொண்டுவந்தார். காற்றாடி ஓடத் தொடங்கியதும் இரு முனைகளுக்கும் இடையில் அரைப் பாகைக்கு மேல் வித்தியாசம் இல்லை. தெர்மோஸ்டாட் அரை மணித்தியாலம் எங்களைப் பைத்தியமாக்கியது. 37.7 கொடுத்தும் பல்பு எரியவேயில்லை. செட் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து பி0 என்ற இடத்துக்குப் போனால், அது குளிராக்கும் முறையில் இருக்கிறது. அதாவது சூடு கூடினால்தான் சுவிட்ச் போடும். அதை எச், அதாவது சூடாக்கும் முறை, என்று மாற்றியதும் எரிந்தது.

எரிந்தது, அணைந்தது, திரும்ப எரிந்தது. சென்சரை நான் நல்ல புத்தி என்று நினைத்து ஒரு தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருந்தேன். முட்டையும் தண்ணீர் மாதிரிதானே, முட்டைக்குள் இருக்கிற சூட்டைக் காட்டும் என்று. விளைவு: பல்பு நீண்ட நேரம் எரிகிறது, காற்றுச் சூடாகிறது, போத்தல் மெதுவாகத்தான் சூடாகிறது, சென்சர் பிந்திச் சொல்கிறது, பல்பு அணையும்போது பெட்டி 39.3. பிறகு அதே தாமதம் மறுபக்கம். பல்பு திரும்ப எரியும்போது 36.4. பிள்ளைகள் இருவர் கொப்பியில் நேரம் குறித்தார்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 20 நிமிஷம், சுற்றுக்குச் சுற்று அதிகம் மாறவில்லை. சென்சரைக் கழற்றிக் காற்றில் தொங்கவிட்டு, பல்பு எரிவதற்கும் அணைவதற்கும் இடையில் பி1இல் இருந்த 2 பாகை இடைவெளியை 0.3 ஆக்கியதும் சுற்று நான்கு நிமிஷமாகச் சுருங்கியது, ஆட்டமும் அடங்கியது.

கொப்பியில் அந்த 20, 20, 21, 20 என்ற வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், போன வாரப் பிள்ளையின் கேள்விக்கு இந்தப் பெட்டியே பதில் வைத்திருக்கிறது என்று பட்டது. பெட்டியில் நாங்கள் பழுது என்று திருத்தியதை, முளையம் அளவுகோலாக வைத்திருக்கிறது.

அதைக் காண முளையத்தை வெளியே எடுக்கவேண்டும். இரண்டு நாள் வளர்ந்த முளையம் மஞ்சள் கருவின்மேல் ஒரு நகக்கீறல் போலத்தான் கிடக்கும்; கோப்பையில் வைத்து எதையும் எண்ணமுடியாது. இதற்கு ஒரு வடிதாள் வித்தை இருக்கிறது. ஆய்வுகூட வடிதாளில் இரண்டு சென்ரிமீற்றர்ச் சதுரம் வெட்டி, நடுவில் கோப்புத் தாளுக்கு ஓட்டை போடுகிற பஞ்சால் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி இரண்டு ஓட்டை போடவேண்டும். நீள்வட்ட ஜன்னல் கிடைக்கும். முட்டையைக் கோப்பையில் மெதுவாக ஊற்றி, முளையத்தின்மேல் கிடக்கிற தடித்த வெண்கருவை டிஷ்யூவால் ஒற்றி எடுக்கவேண்டும். இதைச் செய்யாவிட்டால் தாள் ஒட்டாது, வழுக்கிக்கொண்டே போகும்; இரண்டு முளையம் எனக்கு அப்படித்தான் போயிற்று. பிறகு முளையம் ஜன்னலுக்குள் வருகிற மாதிரித் தாளை வைத்து, பத்து விநாடி பொறுத்து, தாளைச் சுற்றிச் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டி, ஒரு ஓரத்தைப் பிடித்துச் சரிவாகத் தூக்கினால், தாளோடு முளையமும் மேளத் தோல் போல இழுபட்டு வரும். பாமசியில் வாங்கிய சாதாரண சேலைனை இளஞ்சூடாக்கி, அதில் இரண்டு தரம் அலசினால் மஞ்சள் போய்விடும்.

எங்கள் நுணுக்குக்காட்டி, வெளி வெளிச்சத்தைத் திருப்பிவிடுகிற கண்ணாடி வைத்தது. மூடுபனியில் கண்ணாடியால் என்ன பயன்? போன் டோர்ச்சைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்தோம். நேராகப் பிடித்தால் எல்லாம் வெளிறிவிடும். சரித்தால்தான் மேடு பள்ளம் நிழல் விழுத்தும். முதலில் பார்த்த பிள்ளை "ஐயோ, சிப்பு டீச்சர்" என்றாள். ஸிப்தான். நடுவில் நரம்புக்குழாய், அதன் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கட்டிகளாக ஒரு சோடி, அடுத்து ஒரு சோடி, அடுத்து ஒரு சோடி. இவைதான் சோமைட்டுகள். முள்ளந்தண்டு என்புகளும் விலாவும் முதுகுத் தசையும் இவற்றிலிருந்துதான் வரும். தலைப்பக்கத்தில் கட்டிகள் தெளிவாக நிற்கும். வால்பக்கம் போகப்போக மங்கி, கடைசியில் வெட்டப்படாத பட்டியாக ஓடும். அந்தப் பட்டியின் முன்முனையில் கோழியில் 90 நிமிஷத்துக்கு ஒரு சோடி கழன்று உருண்டு நிற்கிறது. எலியில் ஏறக்குறைய 2 மணித்தியாலம், சீப்ரா மீனில் அரை மணித்தியாலம்.

எது 90 நிமிஷத்தை அளக்கிறது? ஜொனதன் குக்கும் கணித அறிஞர் கிறிஸ்டோபர் சீமனும் 1976இலேயே, கலங்களுக்குள் ஒரு கடிகாரம் இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். கண்ணால் கண்டது 1997இல், பிரான்சில், இசபெல் பால்மெய்ரிமும் ஒலிவியே பூர்க்கியேயும். அவர்கள் செய்த வேலையின் அழகே தனி. முளையத்தை நடுக்கோட்டில் இடது, வலது என்று இரண்டாக வெட்டினார்கள். ஒரு பாதியை அந்த நொடியிலேயே நிறுத்திச் சாயமிட்டார்கள். மறுபாதியைக் கொஞ்ச நேரம் வளரவிட்டுச் சாயமிட்டார்கள். ஹெய்ரி என்ற பரம்பரையலகு தொழிற்படுகிற இடம் இரு பாதியிலும் வேறு வேறாக இருந்தது. 90 நிமிஷம் வளரவிட்ட பாதியில் அது திரும்பவும் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

கடிகாரத்தின் உள்வேலை எங்கள் பல்பின் கதைதான். பரம்பரையலகு திறக்கிறது, அதன் புரதம் தயாராகிறது, அந்தப் புரதம் கலத்தின் கருவுக்குள் திரும்பிப் போய்த் தன் பரம்பரையலகையே மூடுகிறது. பிரதியெடுக்க, வெளியே கொண்டுபோக, புரதம் கட்ட என்று ஒவ்வொரு படிக்கும் நேரம் பிடிக்கிறது. அதனால் மூடுகிற கட்டளை பிந்தித்தான் வருகிறது. மூடிய பிறகு மிச்சப் புரதம் சிதைந்து முடிய இன்னும் நேரம். பிறகு திறக்கிறது. தாமதம் இல்லாவிட்டால் அது ஒரு மட்டத்தில் அசையாமல் நின்றுவிடும். தாமதம் இருப்பதால் துடிக்கிறது. போத்தலில் ஒட்டிய சென்சர்.

ஆனால் ஆயிரக்கணக்கான கலங்கள் தனித்தனியாகத் துடித்தால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். அவற்றை ஒன்றாகக் கட்டிவைப்பது நொட்ச் சமிக்ஞைப் பாதை. அதில் அனுப்புகிறதும் வாங்குகிறதும் கல மென்சவ்விலேயே பதிந்திருப்பதால் தொட்டுக்கொண்டிருக்கிற கலங்களுக்குள் மட்டுமே பேச்சு. காமன் கூத்தில் தப்படிக்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இருட்டில், சத்தத்தில், கடைசியில் நிற்கிறவருக்கு முதல் ஆள் கேட்காது. பக்கத்தில் நிற்கிறவரின் அடியைக் கேட்டுத்தான் எல்லாருடைய அடியும் ஒன்றாக விழுகிறது.

கடிகாரம் எப்போது என்று சொல்லும். எங்கே வெட்டுவது என்பதற்கு வேறு ஒன்று வேண்டும். வால் நுனியில் எஃப்ஜீஎஃப், விண்ட் என்ற இரண்டு சமிக்ஞைகள் கனமாக இருக்கின்றன. வால் பின்னோக்கி நீண்டுகொண்டே போக, விட்டுச்செல்லப்பட்ட கலங்களில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. ஏற்றத்தில் போன பஸ்ஸின் புகை, பஸ்ஸுக்குப் பின்னால் கறுப்பாகவும் நம் காலடியில் மெல்லியதாகவும் இருப்பதுபோல. முன்பக்கத்திலிருந்து ரெட்டினோயிக் அமிலம் என்ற வேறொரு சமிக்ஞை எதிர்த்து வருகிறது. வால் சமிக்ஞை ஒரு மட்டத்துக்குக் கீழே விழுந்த கலங்கள், கடிகாரத்தின் அடுத்த அடியில் அப்படியே உறைந்து ஒரு சோடி சோமைட் ஆகிவிடுகின்றன.

இதைக் கேட்டதும் அதே முன் வாங்குப் பிள்ளை: "அப்ப சூடு குறைஞ்சா கடிகாரம் ஸ்லோவாகணும். ஆனா துண்டு சின்னதாகக் கூடாதே?" அவளை ஆய்வாளராக்காமல் விட்டால் நாடுதான் நட்டப்படும்.

இரண்டாவது மீன் பெட்டி வாங்கினோம். ஒன்று 37.8, மற்றது 35.5. மூன்று மூன்று முட்டை, 52 மணித்தியாலம். சூடான பெட்டியில் 20, 19, 21 சோடி. குளிர்ந்ததில் 13, 12. மூன்றாவது தாளில் ஏற்றும்போது கிழிந்துவிட்டது. சோமைட்டின் நீளத்தைக் கண்வில்லை அளவுகோலில் பார்த்தோம், எங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஐந்து முளையத்தை வைத்து எதையும் நிரூபித்ததாகச் சொல்லமாட்டேன். சீப்ரா மீனில் இதை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்: வெப்பநிலையை மாற்றினால் துண்டு விழுகிற வேகம் மாறுகிறது, மொத்தத் துண்டுகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. முதல் பெட்டியில் நான் பாடமாக்கப் பார்த்துத் தோற்ற அதே சூடு, இங்கே சரியான கேள்விக்கு உதவியது.

நரம்புக்குழாயின் வால்பக்கம் இன்னும் திறந்து கிடப்பதையும் அன்று பார்த்தோம். கிளினிக்கில் மிட்வைப் தருகிற போலிக் அமில மாத்திரை இதற்குத்தானா என்று ஒருத்தி கேட்டாள். இதற்குத்தான். மனித முளையத்தில் கருக்கட்டி நான்கு வாரத்துக்குள் இந்தக் குழாய் மூடிவிடுகிறது. பலருக்கு அப்போது தாயாகியிருப்பதே தெரியாது. அதனால்தான் முன்கூட்டியே போடச் சொல்கிறார்கள். அந்த வகுப்பில் அதற்குமேல் யாரும் எதையும் கேட்கவில்லை, எல்லோரும் திரும்பவும் ஒரு தரம் நுணுக்குக்காட்டிக்குள் பார்த்தார்கள்.

இடையில் ஒரு நாள் காற்றுக்கு மரம் விழுந்து ஐந்து மணித்தியாலம் கரண்ட் இல்லை. சோடாப் போத்தல்களில் சுடுதண்ணீர் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்து, மேலே கம்பளி போர்த்தி, அரை மணிக்கொரு தரம் மாற்றினோம். 33க்குக் கீழே போகவில்லை. முட்டைகள் தாங்கின.

கடைசி வேலை ஜன்னல். முட்டையைப் படுக்கவைத்து அரை நாள் விட்டால் முளையம் மேலே மிதந்து வரும். மேற்பக்கத்தில் பென்சிலால் குறி போட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து, தட்டை முனையில் ஊசி இறக்கி மூன்று மில்லிலீற்றர் வெண்கருவை உறிஞ்சவேண்டும். ஊசி கீழ்நோக்கிச் சாயவேண்டும். நேராகக் குத்தினால் மஞ்சள் உடையும். ஓட்டையை செலோடேப்பால் மூடி, மேற்பக்கத்திலும் டேப் ஒட்டி, அதோடு சேர்த்து முட்டைக் கோதை நீள்வட்டமாக வெட்டினால் துகள் உள்ளே விழாது. முதல் இரண்டிலும் டேப் சரியாக ஒட்டாமல் பூஞ்சணம் பிடித்து நாறின. மூன்றாவதில், நான்காம் நாள், முழு வகுப்பும் வரிசையில் நின்று பார்த்தது. இதயம் செந்நிறமாகத் துடிக்க, ஒவ்வொரு துடிப்புக்கும் குழாய்களில் இரத்தம் ஓடி நிற்பது வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

செட்டை மொட்டு உளுத்தம்பருப்பின் பாதி அளவு. அதன் பின்னோரத்தைக் குண்டூசி முனையால் காட்டினேன், தொடவில்லை. ஜோன் சோண்டர்சும் மேரி கேசலிங்கும் 1968இல் அந்த ஓரத்துக் கலங்களை வெட்டி இன்னொரு மொட்டின் முன்னோரத்தில் ஒட்டினார்கள். கோழிச் செட்டைக்கு மூன்று விரல்தான். ஒட்டிய செட்டையில் கண்ணாடியில் பார்த்ததுபோல இரட்டித்து வந்தன. அந்த ஓரத்துக் கலங்கள் சுரப்பது என்ன என்று தெரிய 1993 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. என்ன என்று நான் கேட்டு முடிப்பதற்குள் வரிசையே கத்தியது: "சோனிக்!" நரம்புக்குழாயில் நரம்பைப் பிரித்த அதே புரதம், இங்கே விரலைப் பிரிக்கிறது. ஒரே வாசம், பாலத்தடியில் கேட்கிறவருக்கு ஒரு அர்த்தம், மலையேறி வந்தவருக்கு வேறு அர்த்தம். கேட்கிற கலம் அதற்குமுன் என்னவாக இருந்தது என்பதைப் பொறுத்தது.

சொன்னபடி ஐந்தாம் நாளுக்குமேல் எதையும் திறக்கவில்லை. மிச்சம் ஒன்பதை ஒரு நாளைக்கு மூன்று தரம் திருப்பிவைத்து, 18ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி, ஈரத்துணி போட்டு விட்டோம். 21ஆம் நாள் விடியற்காலையில் ஆறு பொரித்தன, மறுநாள் ஒன்று. அக்கா வந்து எண்ணினார். "ஏழுதானா?" என்றார். பிறகு ஒரு குஞ்சைக் கையில் எடுத்து, செட்டையை விரித்து, விரல் எங்கே என்று என்னிடமே கேட்டார். மீன் வாசம் அடிக்குது என்றும் சொன்னார்.

பெட்டி இப்போது அவர் வீட்டில்தான். போன வாரம் போனபோது பல்பு நெடுநேரமாக எரிந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்து பார்த்தால், தொங்கட்டும் என்று நான் விட்டுவந்த சென்சரை யாரோ தண்ணீர்ப் போத்தலில் பத்திரமாக ஒட்டிவைத்திருக்கிறார்கள். கழற்றித் தொங்கவிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.